செம்பருத்திக்குப் பருத்தி உறவா?



‘செம்பருத்தி’ என்னும் சொல்லைப் பிரித்து எழுதச் சொன்னால், செம்மை + பருத்தி என்று உடனே எழுதிவிடுவோம். வேலியோரம் பூக்கும் செடியின் பெயரில் பஞ்சு தரும் செடியின் பெயர் ஏன் இருக்கிறது? இரண்டும் உறவா? தாவரவியலைக் கேட்போம்.

இரு பூக்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். புல்லி வட்டத்திற்கு வெளியே புறப்புல்லி வட்டம் என்னும் இன்னொரு வட்டம் இரண்டிலும் உண்டு. செம்பருத்தியில் அது மெல்லிய கீற்றுகளாக இருக்கும். பருத்தியில் ஓரம் கிழிந்த மூன்று பெரிய இலைகளைப் போல இருக்கும். அல்லி இதழ்கள் ஐந்து. மகரந்தத் தாள்கள் பலவும் ஒன்றாக இணைந்து, சூல்தண்டைச் சுற்றி ஒரு குழாயாக நிற்கின்றன. இதற்கு ‘ஒருகற்றை’ என்று பெயர். மகரந்தப்பை ஒவ்வொன்றுக்கும் ஓர் அறைதான். இவையே மால்வேசி குடும்பத்தின் அடையாளங்கள்.

பெந்தம், ஹூக்கர் ஆகியோரின் வகைப்பாட்டில் (1862–1883) இச்செடிகளின் இடம்:

வகுப்பு: இருவித்திலைத் தாவரங்கள்
துணை வகுப்பு: பாலிபெட்டலே
வரிசை: தலாமிஃபுளோரே
துறை: மால்வேல்ஸ்
குடும்பம்: மால்வேசி

இதன்பின் வழி பிரிகிறது. செம்பருத்தி ஹைபிஸ்கஸ் பேரினம்; பருத்தி காஸிப்பியம் பேரினம். வெண்டை, துத்தி, பூவரசு ஆகியனவும் இக்குடும்பமே. 1753-இல் லின்னேயஸ் வெண்டையையும் ஹைபிஸ்கஸ் பேரினத்திலேயே சேர்த்திருந்தார். இன்று அது ஏபல்மாஸ்கஸ்.

பருத்தியின் தனிச்சிறப்பு அதன் விதையில் உள்ளது. விதைத்தோலின் மேல் வளரும் பஞ்சிழை ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல்! அந்தச் செல்லை நம்பித்தான் இராஜபாளையத்தில் 1936 முதல் நூற்பாலைகள் எழுந்தன. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பருத்தி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட இரகங்கள் ‘எஸ்.வி.பி.ஆர்.’ என்று நம் ஊர்ப் பெயரையே தாங்கியுள்ளன.

இந்த உறவுமுறை தேர்வுக்கு மட்டும் உரியதன்று. உறவினருக்குப் பகைவரும் பொது! வெண்டையைத் துளைக்கும் புள்ளிக் காய்ப்புழு பருத்திக் காயையும் துளைக்கும். செம்பருத்தியிலும் துத்தியிலும் தங்கும் மாவுப்பூச்சி பருத்திக்குத் தாவும். ஆகவேதான் வரப்பிலுள்ள துத்தியைக் களையுங்கள் என்றும், பருத்திக்கு அருகில் வெண்டை வேண்டாம் என்றும் உழவர்களுக்கு அறிவுரை கூறுகின்றனர். குடும்பத்தை அறியாதவர் வயலில் மருந்தடித்துவிட்டு வரப்பை மறந்துவிடுவார். பூச்சி மீண்டும் வரும். ஓராண்டு உழைப்பு வீணாகும்.

தோழியரே, நம்மில் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். பலர் ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். பூவின் நடுவிலுள்ள அச்சிறு குழாயை அடையாளம் காணக் கற்போம். கற்றதை வீட்டிலும் சொல்வோம்!