ஆடுமுன்னா, ஆடிய பின்னா?

கேள்வி: மாலையில் கரப்பந்தாட்டம் ஆடுகிறோம். தசைகளை நீட்டும் பயிற்சியை எப்போது செய்வது? (வாசகர், ஜெயபுரம்)

பதில்: இரண்டு நேரமும் செய்யலாம் தம்பி, ஆனால் ஒரே விதமாக அல்ல. ஆடுமுன் நின்ற இடத்தில் காலை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு தசையை 60 விநாடிக்கு மேல் அப்படிப் பிடித்தால் சற்று நேரத்துக்கு அதன் வலு குறையும். வலைக்கு மேலே எழும்பி அடிப்பவருக்கு அது நட்டம். முதலில் ஐந்து நிமிடம் மெல்ல ஓடுங்கள். பிறகு வலைக் கம்பத்தைப் பிடித்தபடி காலை முன்னும் பின்னும் வீசுங்கள், கைகளைத் தோளிலிருந்து பெரிய வட்டமாகச் சுழற்றுங்கள், கடைசியில் நாலைந்து தரம் எம்பிக் குதியுங்கள். உதைபந்தாட்டக்காரருக்காக ஃபிஃபா வகுத்த 20 நிமிடப் பயிற்சியிலும் ஓட்டம், குதித்தல், வலு, சமநிலைதான் முக்கியம். அதை ஒழுங்காகச் செய்த அணிகளில் காயங்கள் குறைந்தன.

ஆடி முடிந்து உடம்பு சூடாக இருக்கும்போதே கெண்டைக்கால், பின்தொடை, தோள் ஒவ்வொன்றையும் 30 விநாடி நிதானமாக நீட்டுங்கள். மறுநாள் உளைவை இது போக்கிவிடாது; அதில் பலன் மிகச் சொற்பம். மூட்டுகள் தாராளமாக அசையத்தான் இது உதவும். பகல் முழுக்க வயலில் குனிந்து வேலை செய்துவிட்டு வருபவர்கள் இடுப்புக்கும் முதுகுக்கும் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும். சுளீரென்று குத்தினால் உடனே நிறுத்துங்கள்.