உங்கள் கைக்கும் ஒரு பீஸ் ரேட்

கேள்வி: நாங்கள் திருப்பூர் நெருப்பெரிச்சலில் குடியிருக்கிறோம். நான் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். ஷிப்டுக்கு 480 ரூபாய் சம்பளம். ஒரு வருடமாக வீட்டில் தேங்காய் எண்ணெயில் சோப்பு ஊற்றுகிறேன். கட்டிங் வேஸ்ட் துணியில் மிதியடி, கைப்பை, தலைமுடிக்குப் போடும் ரப்பர் பேண்ட், குழந்தைகளுக்குப் பொம்மை எல்லாம் தைக்கிறேன். போன மாதம் சனி, ஞாயிறு இரண்டு நாள் ஒரு கண்காட்சியில் ஸ்டால் போட்டேன். வாடகை 1,500, ஆட்டோவுக்கு 500. சோப்பு 50 ரூபாய் வீதம் 40 விற்றது. துணிச் சாமான் 60 ரூபாய் வீதம் 24 விற்றது. மொத்தம் 3,440 வந்தது. செலவு போக 1,440 மிச்சம் என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். ஆனால் அடுத்த சோப்புக்கு எண்ணெய் வாங்கப் போனால் கையில் காசு இல்லை. ஒரு சோப்புக்குப் பொருள் செலவு 38 ரூபாய், துணிச் சாமானுக்குப் 10 ரூபாய் ஆகிறது. எங்கே தப்பு? விலையைக் குறைத்தால் நிறைய விற்குமா? எந்தச் சந்தைக்குப் போகலாம்? சோப்பு விற்க லைசென்ஸ் வேண்டும் என்று பக்கத்து ஸ்டால்காரர் சொன்னார். வீட்டில் செய்வதற்குமா?
— வாசகி, நெருப்பெரிச்சல்

பதில்: அன்புத் தங்கைக்கு,

உங்கள் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். மிச்சம் என்று நீங்கள் சொல்லும் 1,440 ரூபாயில் பொருள் செலவு கழியவே இல்லை. 40 சோப்புக்குள் போன எண்ணெய், காஸ்டிக் சோடா, வாசனை, உறை எல்லாம் சேர்த்து 1,520 ரூபாய். துணிச் சாமானுக்கு 240. இரண்டையும் கழித்தால் கையிலிருந்து 320 ரூபாய் போயிருக்கிறது. எண்ணெய் வாங்கக் காசில்லாமல் போனது அதனால்தான். சனிக்கிழமை லீவு போட்டதில் ஒரு ஷிப்ட் சம்பளம் போயிற்று. ஞாயிறு முழுக்க நின்றதற்கும் ஒரு ஷிப்ட் போட வேண்டும். 960 ரூபாய். ஆக, அந்த இரண்டு நாளில் உங்களுக்கு 1,280 ரூபாய் நட்டம். சோப்பு ஊற்றிய நேரமும் துணி தைத்த நேரமும் இதில் இன்னும் சேரவில்லை.

கணக்குப் போட உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கை ஏற்ற இவ்வளவு, கழுத்துப் பட்டி வைக்க இவ்வளவு, அடி மடிக்க இவ்வளவு என்று பைசா வரை பேசி வாங்குகிற ஊர் உங்கள் ஊர். ஒரு பனியனுக்குக் காஸ்டிங் போடும்போது துணி, நூல், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் என ஒன்றுகூட விடுபடாது. அதே கை வீட்டுக்கு வந்து சோப்பு ஊற்றும்போது மட்டும் ஏன் கூலியில்லாக் கையாகிறது? எத்தனையோ பெண்களின் கைத்தொழில் இரண்டாவது கண்காட்சியோடு நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் பொருளில் குறை இருக்காது. இந்த ஒரு வரி கணக்கில் விடுபட்டிருக்கும்.

இப்போது உங்கள் சோப்புக்குக் காஸ்டிங் போடுவோம். ஒரு கிலோ எண்ணெயில் ஊற்றினால், காய்ந்தபின் 100 கிராம் சோப்பு ஏறக்குறைய 13 வரும். ஊற்ற, வெட்ட, உறை போட இரண்டரை மணி நேரம் என்று வையுங்கள். உங்கள் ஷிப்ட் கணக்கில் மணிக்கு 60 ரூபாய், மொத்தம் 150. ஒரு சோப்புக்குக் கைக்கூலி ஏறக்குறைய 12 ரூபாய். பொருள் 38, கூலி 12. நீங்கள் விற்ற 50 ரூபாய்தான் அதன் அடக்கவிலை! அதற்குமேல் ஸ்டால் வாடகை, ஆட்டோ, இரண்டு நாள் கூலி சேர்த்து 2,960 ரூபாய். விற்ற 64 சாமானுக்குப் பங்கு போட்டால் ஒவ்வொன்றின் தலையிலும் 46 ரூபாய் விழுகிறது.

ஆகவே விலையைக் குறைக்க வேண்டாம். மாற்ற வேண்டியவை இரண்டு. ஒன்று, சந்தைச் செலவைக் குறைப்பது. இரண்டு, ஒருவர் வாங்கும் தொகையைக் கூட்டுவது. 64 சாமான் விற்றதென்றால் ஐம்பது பேராவது உங்களிடம் பணம் எடுத்துக் கொடுத்திருப்பார்கள். அந்த ஐம்பது பேரும் ஆளுக்கு 200 ரூபாய்க்கு வாங்கியிருந்தால் 10,000 ரூபாய். கூட்டம் அதேதான், வாடகையும் அதேதான். தனித்தனியாகப் பரப்பி வைக்காமல் கைப்பை, ஒரே நிறத்தில் இரண்டு ரப்பர் பேண்ட், பாத்திரம் பிடிக்கும் துணி என்று செட்டாகக் கட்டி வையுங்கள். ஓவர்லாக்கில் விளிம்பு சுத்தமாக அடித்த மிதியடியை இரண்டு இரண்டாகக் கொடுங்கள். அந்தத் தையல் சுத்தம் வேறு ஊர்க் கண்காட்சியில் எளிதில் கிடைக்காது.

லைசென்ஸ் விஷயம்

பக்கத்து ஸ்டால்காரர் சொன்னது சரி. மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் சட்டம் 1940-ஆம் ஆண்டினுடையது. ஒரு காலத்தில் அதில் சோப்புக்கு விலக்கு இருந்தது. 1982-இல் வந்த திருத்தம் அந்த விலக்கை நீக்கிவிட்டது. குளியல் சோப்பும் அழகுப் பொருள்தான். 2020-இன் அழகுப் பொருட்கள் விதிகளின்படி, விற்பனைக்காகச் செய்பவர் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் உரிமம் பெற வேண்டும். வீட்டில் செய்தாலும், ஐம்பது சோப்பு மட்டும் செய்தாலும் இதுதான் நிலை. தனி இடம், வேதியியலோ மருந்தாக்கமோ படித்த தகுதியான ஒருவரின் மேற்பார்வை, துறையின் ஆய்வு எல்லாம் அதில் உண்டு. சமையலும் படுக்கையும் ஒரே அறையில் இருக்கும் லைன் வீட்டில் அது நடக்காது.

அதற்காக மனம் விட வேண்டாம். கடன் உரிமம் என்று ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே உரிமம் உள்ள ஒரு சோப்பு யூனிட்டில், உங்கள் செய்முறைப்படி, உங்கள் பெயரில் செய்து வாங்கிக்கொள்ளும் வழி. உங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் ஜாப் ஒர்க். அதற்கும் துறையிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நான்கைந்து பெண்கள் மகளிர் குழுவாகச் சேர்ந்தால் செலவு பிரியும். சொந்தமாகவே உரிமம் எடுக்க நினைத்தால் கடன், மானியம் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள்.

உரிமம் வந்தபின் உறையில் பெயர், முகவரி, எடை, பேட்ச் எண், உரிம எண், தயாரித்த மாதம், எதுவரை பயன்படுத்தலாம், சேர்மானங்கள், அதிகபட்ச விலை, குறை சொல்ல ஒரு போன் எண் எல்லாம் இருக்க வேண்டும். சொறி போகும், படை தீரும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால் சட்டம் அதை மருந்தாகப் பார்க்கும். ஜிஎஸ்டி பற்றிப் பலர் பயமுறுத்துவார்கள். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பதிவு கட்டாயமில்லை. சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம். யாரிடமும் அதற்குப் பணம் கொடுக்காதீர்கள்.

உரிமம் கிடைக்கும்வரை சோப்பை வீட்டோடு வைத்துக்கொண்டு, சந்தைக்குத் துணிச் சாமானைக் கொண்டுபோங்கள். அதிலும் இரண்டு கவனம் வேண்டும். கட்டிங் வேஸ்ட்டில் வெளிநாட்டுப் பிராண்டின் பெயரோ கார்ட்டூன் உருவமோ அச்சாகியிருந்தால் அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள். அதை வைத்துத் தைத்து விற்க நமக்கு உரிமை இல்லை. அடுத்தது பொம்மை. 2021 ஜனவரி 1 முதல் குழந்தைகள் விளையாடும் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரகத்தில் பதிவு செய்த கைவினைஞர் செய்வதற்கு விலக்கு உண்டு. அந்த அடையாள அட்டை வாங்கும்வரை பொம்மையை நிறுத்தி வையுங்கள்.

எந்தச் சந்தை?

பெருமாநல்லூர் கொண்டத்துக் காளியம்மன் குண்டம் பங்குனியில் வரும். அவிநாசித் தேர் சித்திரையில். இரண்டும் உங்களுக்குப் பக்கம். ஆனால் திருவிழாவுக்கு வரும் கூட்டம் நடந்துகொண்டே வாங்கும். குழந்தை கைகாட்டும் பொருளும் இருபது, முப்பது ரூபாய்ப் பொருளும் அங்கே போகும். ரப்பர் பேண்டுக்கு அது நல்ல இடம். மிதியடிக்கும் செட்டுக்கும் ஏற்ற இடமில்லை. வாரச் சந்தையில் வாடகைக்குப் பதில் சுங்கம்தான். செலவு குறைவு. சம்பளம் வாங்கிய சனிக்கிழமை சாயங்காலம் ஷிப்ட் விட்டு வருகிறவர்கள் வீட்டுக்கு வேண்டியதை வாங்குவார்கள். மிதியடியும் பாத்திரத் துணியும் அங்கே போகும். லீவும் போட வேண்டியதில்லை.

நின்று, தொட்டுப் பார்த்து, கேள்வி கேட்டு வாங்குகிறவர்கள் கண்காட்சிக்கும் புத்தகத் திருவிழாவுக்கும் கல்லூரிக்கும் வருவார்கள். மகளிர் குழுப் பொருட்களுக்காகத் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் கல்லூரிச் சந்தை நடத்துகிறது. குழுவில் இல்லையென்றால் முதலில் ஒரு குழுவில் சேருங்கள். மாவட்ட மகளிர் திட்ட அலுவலகத்தில் அடுத்த சந்தை எப்போது என்று கேட்டு வையுங்கள். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருப்பதால் துணிப்பைக்குக் கேட்பவர்கள் உண்டு. உங்கள் பையில் கைப்பிடித் தையல் எத்தனை கிலோ தாங்கும் என்று ஐந்து கிலோ அரிசியைப் போட்டுத் தூக்கிக் காட்டுங்கள். அந்த ஒரு காட்சி உங்களுக்காகப் பேசும்.

வருடத்தின் பெரிய சந்தை தீபாவளி போனஸ். பணம் கையில் வந்ததும் வெளியூர்க்காரர்கள் ஊருக்கு எடுத்துப்போகப் பொருள் தேடுவார்கள். எண்ணெய்க் குளியலுக்குச் சோப்பும் அன்றைக்குத்தான் நினைவுக்கு வரும். சோப்பு காய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். ஐப்பசியில் விற்க வேண்டிய சோப்பை ஆவணியிலேயே ஊற்றியிருக்க வேண்டும்.

உங்கள் சோப்பு யாருக்கு?

மெடிமிக்ஸ் சோப்பு 1969-இல் சென்னையில் ரயில்வே மருத்துவர் ஒருவர் வீட்டில் தொடங்கியது. தம்மிடம் தோல் தொல்லையோடு வந்த தொழிலாளர்களை மனத்தில் வைத்து வி.பி. சித்தன் அதைச் செய்தார். யார் தோலுக்கு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உங்கள் சோப்புக்கும் அப்படி ஒரு ஆள் இருக்கிறார். போர் தண்ணியில் குளிப்பவர். உப்புத் தண்ணியில் மற்ற சோப்பு நுரைக்காமல் பிசுபிசுக்கும் இடத்திலும் தேங்காய் எண்ணெய் சோப்பு நுரை விடும். கடலில் போன மாலுமிகள் தேங்காய் எண்ணெய் சோப்பை வைத்திருந்தது அதற்காகத்தான். எண்ணெய்க்கும் அலைய வேண்டாம், கொப்பரைக்குப் பேர்போன காங்கயம் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது.

ஒரு குறை, தேங்காய் எண்ணெய் மட்டும் போட்டால் தோல் வறளும். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக 183 கிராம் காஸ்டிக் வேண்டும். வழக்கமாக 5 சதவீதம் குறைத்து 174 கிராம் போடுவார்கள். தனித் தேங்காய் எண்ணெய்க்கு 20 சதவீதம் குறைத்து 146 கிராம் போட்டுப் பாருங்கள். மிஞ்சும் எண்ணெய் தோலைக் காக்கும். காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைக் காஸ்டிக்கில் ஊற்றவே கூடாது. அலுமினியப் பாத்திரம் ஆகாது. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல், குழந்தைகள் இருக்கும் அறையில் ஒருநாளும் செய்யாதீர்கள்.

உரிமத்தோடு சோப்பை விற்கப் போகும் நாளில் ஸ்டாலில் ஒரு பக்கெட் போர் தண்ணீரும் ஒரு கிண்ணமும் வையுங்கள். வருகிறவர் கையை நனைத்துச் சோப்பைத் தேய்த்துப் பார்க்கட்டும். விலையைப் பெரிதாக எழுதி வையுங்கள், சில்லறையும் க்யூஆர் அட்டையும் தயாராக இருக்கட்டும். வாங்கியவர் விரும்பினால் போன் எண்ணை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சோப்பு தீரும் பொருள். ஒரு மாதத்தில் அதே ஆள் திரும்பக் கேட்டால் அந்த விற்பனைக்கு ஸ்டால் வாடகை கிடையாது. கண்காட்சியின் பலன் அந்த நோட்டில்தான் சேரும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். ஒரு மிதியடியைக் கையில் எடுத்து, போனில் மணி பார்த்துத் தைத்து முடியுங்கள். ஆன நிமிடத்துக்கு நிமிடம் ஒரு ரூபாய் போட்டு, துணி விலையோடு கூட்டி, சந்தைச் செலவின் பங்கையும் சேர்த்து எழுதுங்கள். வருகிற தொகை 60 ரூபாயைத் தாண்டினால், அடுத்த சந்தையில் அந்த மிதியடியை 60-க்குக் கொடுக்காதீர்கள். கம்பெனியில் பீஸ் ரேட் குறைந்தால் கேட்கிறவர் நீங்கள். உங்கள் வீட்டுக் கணக்கிலும் கேளுங்கள்.