வீட்டுத்திட்டமும் சுற்றாடலும்: அத்திவாரம் வெட்டுமுன் பார்க்க வேண்டியவை

தறப்பாளின் கீழும் உறவினர் வளவிலும் பல ஆண்டுகள் வாழ்ந்த குடும்பத்துக்கு, "உங்களுக்கு வீடு தருகிறோம்" என்பதைவிட இனிய செய்தி வேறில்லை. அந்த நேரத்தில் "இந்த இடம் குடியிருக்க ஏற்றதா?" என்று கேட்பது நன்றிகெட்ட செயல்போலத் தோன்றலாம். ஆனால் வீடு கட்டித் தருபவர்கள் வேலை முடிந்ததும் போய்விடுவார்கள். அந்தக் கிணற்றோடும் மலக்குழியோடும் மாரி வெள்ளத்தோடும் வாழப்போகிறவர்கள் நாங்கள்தான். எனவே கேட்க வேண்டியவர்களும் நாங்களே.

சட்டம் சொல்வது

பெரிய வேலையொன்று தொடங்குமுன் அதனால் நீர், நிலம், காடு, மக்கள் ஆகியவற்றுக்கு வரக்கூடிய கேடுகளைக் கணித்து, அவற்றைத் தவிர்க்கும் வழியையும் மாற்று இடத்தையும் ஆராய்வதே சுற்றாடல் தாக்க மதிப்பீடு. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988இல் செய்யப்பட்ட திருத்தம் இதனை இலங்கையில் சட்டமாக்கியது. மதிப்பீட்டு அறிக்கையை 30 நாட்களுக்கு மக்கள் பார்வைக்கு வைக்கவும், எவரும் எழுத்தில் கருத்துக் கூறவும் அத்திருத்தம் இடமளித்தது.

எந்த வேலைகளுக்கு இது தேவை என்பதை 1993ஆம் ஆண்டு யூன் 24ஆம் திகதிய வர்த்தமானி பட்டியலிட்டது. 1,000 வீடுகளுக்கு மேற்பட்ட திட்டம், ஒரு ஹெக்டேயருக்கு (ஏறத்தாழ 2½ ஏக்கர்) மேல் காட்டை வேறு தேவைக்கு மாற்றுதல், 100 குடும்பங்களுக்கு மேல் அவர்கள் விருப்பமின்றிக் குடியமர்த்தல் என்பன அவற்றுட் சில. ஆனால் அவசர நிலைமையில் செய்யப்படும் குடியமர்வுக்கு அதே பட்டியல் விலக்களித்தது. இடம்பெயர்ந்தோர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். எங்களுக்கு வரும் திட்டம் பெரும்பாலும் அவசரத்தின் பெயரிலேயே வருகிறது. சட்டம் கேளாத கேள்வியை அப்போது நாங்கள்தான் கேட்க வேண்டும்.

அவசரத்தின் விலை

2009இல் வவுனியா மாவட்டம் செட்டிகுளம் பகுதியில் காடு வெட்டி அமைக்கப்பட்ட மெனிக் பாம் முகாம்களில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கவைக்கப்பட்டனர். அவ்வாண்டு ஆவணி நடுப்பகுதியில் மழை பெய்தபோது கூடாரங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. மலக்குழிகள் நிரம்பி வழிந்தன. பெருமாரி அப்போது தொடங்கவேயில்லை. 2012 செப்டெம்பரில் அம்முகாம் மூடப்பட்டது. முகாம் வேறு, நிரந்தர வீட்டுத்திட்டம் வேறு என்பது உண்மையே. ஆனால் தண்ணீர் எங்கே நிற்கும், எங்கே ஓடும் என்று பாராமல் மக்களை நெருக்கமாக இருத்தினால் நடப்பது ஒன்றுதான். முகாம் என்றோ ஒரு நாள் மூடப்படும். வீடு அங்கேயே நிற்கும்.

ஒரு கணக்குச் செய்து பார்ப்போம்

ஆளுக்கு 20 பேர்ச் காணியில், 550 சதுர அடி கொண்ட 400 வீடுகள் வருவதாக வைத்துக்கொள்வோம்.

1. குடிநீர். குடும்பத்துக்கு 4 பேர் என்றால் 1,600 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லீற்றர் எனில் 1,60,000 லீற்றர் வேண்டும். அயலிலுள்ள கிணறுகள் இதனைத் தாங்குமா என்பதை மார்கழியில் பார்த்துப் பயனில்லை. ஆவணி, புரட்டாதியில் ஒரு கிணற்றை இறைத்து, நீர் பழைய மட்டத்துக்கு ஊற எவ்வளவு நேரம் செல்கிறது என்று பாருங்கள். அதே ஊற்றை நம்பித் தோட்டம் செய்யும் பழைய குடிகளிடமும் கேளுங்கள்.

2. கிணறும் மலக்குழியும். இரண்டுக்குமிடையே குறைந்தது 30 மீற்றர், அதாவது 100 அடி இருக்க வேண்டும் என்பது அனர்த்தகாலப் பணிகளுக்கான ஸ்பியர் நியமம். 20 பேர்ச் காணி ஏறத்தாழ 60 அடி அகலமும் 90 அடி நீளமும் கொண்டது. ஒரு மூலையில் கிணற்றையும் எதிர்மூலையில் குழியையும் வைத்தாலும், அயல்வீட்டுக் குழி எங்கள் கிணற்றுக்குக் கிட்டத்தான் இருக்கும். ஆகவே இத்தகைய காணியில் வீட்டுக்கொரு கிணறு கேட்பது ஆபத்தை விலைகொடுத்து வாங்குவதாகும். குடியிருப்புக்கு மேட்டுப்புறமாக, குழிகளுக்கு எட்டத்தில் அமைந்த பொதுக் கிணறுகளும் குழாய்வழி நீரும் கேட்பதே நல்லது.

குழியின் அடி, நிலத்தடி நீருக்கு 1½ மீற்றர் (5 அடி) மேலே இருக்க வேண்டும். இதனை அளக்க வேண்டிய காலம் மார்கழி. அப்போது நீர் 8 அடியில் நின்றால் குழி 3 அடிக்கு மேல் ஆழமாகக்கூடாது. யாழ்ப்பாணக் குடாநாடு போன்ற சுண்ணக்கல் நிலத்தில் கழிவுநீர் கல் வெடிப்புகளூடாக விரைந்து ஓடும். அங்கே 100 அடியும் போதாமற் போகலாம். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவு மிஞ்சியிருப்பதற்கு மலக்குழிகளும் தோட்டத்து உரமும் காரணங்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு அது உயிராபத்து.

3. மழைநீர். 400 கூரைகளும் சேர்ந்தால் 5 ஏக்கர். ஓர் அங்குல மழைக்கு அவற்றிலிருந்து மட்டும் 5 இலட்சம் லீற்றருக்கு மேல் ஓடிவரும். முன்பு காட்டு மண் குடித்த நீர் இப்போது கீழேயுள்ள வயலுக்கோ, வீட்டு வாசலுக்கோ வரும். வடிகால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள்.

4. காடும் மண்ணும். தெரிவுசெய்த இடம் ஒரு குளத்தின் நீர்ப்பிடிப்புப் பகுதியா? அங்கே மரம் வெட்டினால் மண் கரைந்து குளம் தூர்ந்து, கீழ்வயற்காரர் போகத்தை இழப்பர். மேய்ச்சல் தரையா? யானை போய்வரும் வழியா? கட்டுமான மணல் எந்த ஆற்றிலிருந்து வருகிறது? விடை கிராமத்து முதியவர்களிடமும் மாடு மேய்ப்பவர்களிடமும் உண்டு.

நாங்கள் செய்யக்கூடியது

இடத்தை ஏற்குமுன் பெண்களும் ஆண்களுமாக ஒரு குழு அங்கே போய் நடந்து பார்க்கட்டும். தண்ணீர் சுமப்பவர்கள் பெண்கள் என்பதால் அவர்கள் இல்லாத பார்வை அரைப்பார்வையே. கண்டவற்றை மூன்று நிரல்களில் எழுதுங்கள்: என்ன மாறும், யார் பாதிக்கப்படுவர், எப்படித் தவிர்க்கலாம். அதனைச் சங்கத்தின் பெயரில் பிரதேச செயலாளருக்கும் திட்டத்தை நடத்தும் நிறுவனத்துக்கும் கொடுத்து, பிரதியில் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். வீடு வேண்டாம் என்பதல்ல எங்கள் கோரிக்கை. அத்திவாரம் வெட்டுமுன் குழியை நகர்த்த ஒரு கோடு போதும், வெட்டியபின் நகர்த்த யாரும் வரமாட்டார்கள் என்பதே.

கலந்துரையாட:

1. உங்களுக்குக் காட்டப்பட்ட இடத்தில் மாரியில் நீர் எத்தனை அடியில் நிற்கும்? யாரிடம் கேட்டறியலாம்?
2. நீங்கள் குடியேறுவதால் அயற்கிராமத்தவர் எதை இழப்பர்? அவர்களோடு முன்கூட்டியே பேசினீர்களா?
3. காணிகளின் வரைபடத்தில் கிணறுகளையும் மலக்குழிகளையும் குறித்து, இடைத்தூரத்தை அளந்து பாருங்கள்.