இரு பாதி, ஒரு பார்வை

நுழையும்முன்

கண்கள் காண்கின்றன என்கிறோம். எனினும், கண்ணில் விழும் ஒளி பொருளுள்ள காட்சியாவது மூளையில்தான். அம்மூளையின் வலப்பாதியும் இடப்பாதியும் எல்லாக் காட்சிகளுக்கும் ஒரே அளவில் துலங்குவதில்லை. இவ்வேறுபாடு எவ்வாறு அளந்தறியப்பட்டது? அது மாணவராகிய நமக்கு உணர்த்துவது யாது?

காட்சியின் பாதை

சேலத்தை அடுத்த பனமரத்துப்பட்டியின் ஏரிக்கரையில் நின்று, நேரெதிரே உள்ள பனை ஒன்றை நோக்குவதாகக் கொள்வோம். பனைக்கு இடப்புறம் தோன்றுபவை மூளையின் வலப்பாதிக்கும், வலப்புறம் தோன்றுபவை இடப்பாதிக்கும் முதலில் செல்கின்றன. இடக்கண் முழுவதும் வலப்பாதிக்கு உரியது என எண்ணுவது பிழை. ஒவ்வொரு விழித்திரையிலும் மூக்கை ஒட்டிய பாதியின் நரம்பிழைகள் மட்டுமே மறுபுறம் கடக்கின்றன. ஆதலால், ஒரு கண்ணை மூடினாலும் இப்பங்கீடு மாறுவதில்லை.

அலைகள் கூறும் செய்தி

செருமானிய மருத்துவர் ஆன்சு பெர்கர் 1924ஆம் ஆண்டு மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்து, 1929இல் வெளியிட்டார். தலையின் மேற்பரப்பில் மின்வாய்களைப் பொருத்தி அளக்கும்போது கிடைப்பவை சில மைக்ரோவோல்ட்டுகளே. ஒரு படத்திற்கான துலங்கல் பிற அலைகளுள் மறைந்துவிடும். எனவே, படங்களைப் பலமுறை காட்டிச் சராசரி காண்பர்.

இடப்புறம் ஒளி தோன்றினால் வலப்பாதியில் முதலில் அலை எழுகிறது. சில மில்லி வினாடிகள் கழித்து இடப்பாதியிலும் எழுகிறது. இவ்விரு பாதிகளையும் ஏறத்தாழ 20 கோடி நரம்பிழைகள் கொண்ட கார்பஸ் கலோசம் இணைக்கிறது.

முகம் ஒன்றைக் கண்டால் ஏறத்தாழ 170 மில்லி வினாடிகளில் தோன்றும் அலை, பெரும்பாலோர்க்கு வலப்பக்கம் மிகுதியாக உள்ளது. எழுத்தைக் கண்டாலோ இடப்பக்கம் மிகுதியாகிறது. படிக்கத் தொடங்காத குழந்தையிடம் எழுத்துக்குரிய இவ்வேறுபாடு தெளிவாகக் காணப்படுவதில்லை. எழுத்தறிவு வளர வளர அஃது உருப்பெறுகிறது. அகரம் பயிலும் கை மூளையையும் பழக்குகிறது!

தெரிந்து தெளிவோம்

மூளையின் இரு பாதிகளுக்கும் இடையிலான இணைப்புத் துண்டிக்கப்பட்டவர்களை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ரோசர் சுபெர்ரி, 1981இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

பங்கீடே, பிரிவினை அன்று

'கணக்கு வருபவர் இடமூளையர். ஓவியம் வருபவர் வலமூளையர்' என்று மாணவரைப் பிரித்துரைப்போர் உளர். மேற்கண்ட அளவைகள் அதற்குச் சான்றாகா. ஒரு பாதி விழித்திருக்க மறுபாதி உறங்குவதாக அவை காட்டவில்லை. இரண்டும் துலங்குகின்றன, அளவும் காலமும் மட்டுமே வேறுபடுகின்றன. இவ்வேறுபாட்டின் ஒரு பகுதியைக் கல்வியே உருவாக்குகிறது எனில், 'எனக்கு இது வராது' என்று எந்த மாணவரும் தம்மைத் தாமே எல்லைப்படுத்திக்கொள்ள வேண்டுவதில்லை. கற்கக் கற்க மாறுவதே மூளையின் இயல்பு.

கற்பவை கற்றபின்

'இடமூளை, வலமூளை' என மாணவரை வகைப்படுத்தும் விளம்பரம் ஒன்றைத் தேர்ந்து, அதன் கூற்றுகளை இப்பாடத்தின் துணைகொண்டு ஆராய்ந்து வகுப்பறையில் உரையாடுக.