எஞ்சின் ஓசையை அறிதல்

குழித்தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளர், நாடா பெட்டியில் மோதும் ஓசை சற்றே பிசகினும் கையை நிறுத்திவிடுவார். கிணற்றடியில் ஆயில் எஞ்சின் வைத்திருந்த விவசாயிக்கும் அத்தகைய செவி உண்டு. சங்கத்தின் காரை ஓட்டுபவருக்கும் அது வேண்டும். அவர் கேட்டதைச் சொல்லும்பொழுது செயலாளரும் நிர்வாகக் குழுவினரும் செவிசாய்த்தல் அதனினும் வேண்டும். இதனை வற்புறுத்த எமக்குத் தனிக் காரணம் ஒன்றுண்டு, பின்னர்க் கூறுவோம்.

ஓசை எங்கிருந்து வருகிறது என்று தேடுமுன் அதன் தாளத்தை அறிதல் நலம். நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்க் தண்டு இருமுறை சுற்றினால் வால்வுகளை இயக்கும் கேம் தண்டு ஒருமுறையே சுற்றும். நின்ற வண்டியில் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடுமாயின் ஒரு வால்வு 400 முறையே திறந்து மூடும். ஆதலின் எஞ்சினின் மேற்பகுதியில், அதன் வேகத்துக்குப் பாதி வேகத்தில், தையல் எந்திரம் போல் ‘டிக் டிக்’ எனக் கேட்பது பெரும்பாலும் டேப்பெட் இடைவெளி மிகுந்ததனால் ஆவது. ஆயில் அளவு சரியாயிருப்பின் இதற்காக வண்டியை நடுவழியில் நிறுத்த வேண்டுவதில்லை. அடுத்த வாரம் மெக்கானிக்கிடம் காட்டினால் போதும்.

காலையில் எஞ்சினை எடுத்தவுடன் வெற்றுப் பானையைத் தட்டினாற்போல் ஒலித்து, சூடேறியதும் அடங்குமாயின், தேய்ந்த பிஸ்டன் சிலிண்டர்ச் சுவரில் ஆடுகிறது என்று கொள்ளலாம். கீச்சென்று கத்துவது பெல்ட். ‘புஸ் புஸ்’ என்பது புகை வெளியேறும் குழாயின் இணைப்பில் கசிவு.

செங்கோட்டையைக் கடந்து ஆரியங்காவு நோக்கி மலையேறும்பொழுது, பெட்ரோல் வண்டியில் சில்லறையைக் குலுக்கினாற்போன்ற ஓசை எழுவதுண்டு. கலவை ஒழுங்காக எரியாமல் ஒரு பகுதி தானே வெடிப்பதால் நேர்வது இது. பொறி விழும் நேரம் முந்தியிருத்தல், உள்ளே கரி படிந்திருத்தல், பெட்ரோலின் தரக்குறைவு ஆகிய மூன்றும் இதற்குக் காரணமாகலாம். கியரைக் குறைத்து, ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தினால் அப்போதைக்கு அடங்கும். இக்காலத்துக் கார்கள் பலவற்றில் இதனைக் கேட்டறிந்து பொறியின் நேரத்தைத் தானே பின்தள்ளும் உணர்கருவி உண்டு. எனினும் அதனை நம்பிப் பழுதைப் பல மாதம் தள்ளிப்போடுதல் தகாது.

இனி எமது காரணத்துக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சங்கத்தின் பழைய அம்பாசடர் டீசல் காரில், வாசுதேவநல்லூரிலிருந்து இராஜபாளையம் நோக்கிச் சென்றுகொண்டிருந்தோம். அக்காரின் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. டீசல் எஞ்சின் இயல்பாகவே கடகடக்கும். அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே எரிபொருள் பற்றுவதால் அவ்வாறு ஒலிக்கிறது. அக்கடகடப்பினூடே கனத்த தட்டு ஒன்றை ஓட்டுநர் பிரித்தறிந்தார். “ஐயா, அடியிலே தட்டுது. நிறுத்திப் பார்க்கணும்” என்றார். செயலாளர், “ஊர் போய்ப் பார்க்கலாம்” என்றார். யாமும் கடிகாரத்தைப் பார்த்தோமேயன்றி ஓசையைக் கேட்டோமில்லை. சிவகிரியைத் தாண்டியதும் பெருஞ்சத்தத்துடன் எஞ்சின் நின்றது. கனெக்டிங் ராடு முறிந்து எஞ்சினின் பக்கச் சுவரையே துளைத்திருந்தது.

கனெக்டிங் ராடு கிராங்க் தண்டைப் பற்றியிருக்கும் பேரிங்கில், இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே நிற்பது மெல்லிய ஆயில் படலமே. ஆயில் குறைந்தாலும், அதன் அழுத்தம் தாழ்ந்தாலும் அப்படலம் அறுந்து பேரிங் தேயும். தேய்ந்த இடைவெளியில் ராடு தட்டும். இத்தட்டு வேகம் கூடக்கூட விரையும். சீராக ஓடுகையில் ஆக்ஸிலரேட்டரைச் சற்றே விட்டால் தெளிவாகக் கேட்கும். இவ்வோசைக்கு மட்டும் தவணை கிடையாது. அங்கேயே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துக. பேரிங் மட்டும் மாற்றுவதோடு போகவேண்டிய செலவு, இரண்டு மூன்று கல் ஓட்டத்தில் முழு எஞ்சின் செலவாகிவிடும்.

இடத்தை அறிய, நீண்ட திருப்புளியின் நுனியை எஞ்சினின் உடலில் வைத்துப் பிடியைக் காதருகே கொள்ளும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. 1816-இல் பிரெஞ்சு வைத்தியர் லென்னக் காகிதச் சுருளை நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதும் இம்முறையே. வேட்டி, துண்டு, சட்டைக்கை ஆகியவை விசிறியருகே செல்லாதிருக்கட்டும். பழைய பெட்ரோல் வண்டிகளில் பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதிப்பர். புதிய வண்டிகளில் அதனைச் செய்யலாகாது. மின்னதிர்ச்சியும் உண்டு, கருவிகளும் கெடும்.

எஞ்சின் செலவை ஓட்டுநர் தலையில் சுமத்தக் குழுவில் சிலர் முனைந்தனர். 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 87-ஆம் பிரிவின்படி தண்டத்தீர்வை விதிக்க வேண்டும் என்றனர். அப்பிரிவு, வேண்டுமென்றே கடமையில் தவறி நட்டம் விளைவித்தவரைப் பற்றியது. ஓட்டுநர் சொன்னார், கேளாதிருந்தவர் இருவர், அவருள் ஒருவர் யாம். அவ்வாறே அறிக்கையில் எழுதிக் கையொப்பமிட்டோம். எழுதியிராவிடில் அவர் சொன்னார் என்பதற்கு ஏட்டில் ஒரு வரியும் இராது.

இப்பொழுது அச்சங்கத்தின் லாக் புத்தகத்தில் ‘ஓசை’ என்று ஒரு கலம் கோடிட்டிருக்கிறார்கள். எஞ்சின் சூடேறுமுன் கேட்டதா பின்பா, ஏற்றத்திலா சமதரையிலா, யாரிடம் எத்தனை மணிக்குச் சொல்லப்பட்டது என்பவற்றை ஓட்டுநர் எழுதுகிறார். கேட்டவர் அதன்கீழ் கையொப்பமிடுகிறார்.