படகில் கியர் விழவில்லையா?

இன்ஜின் படகுக்குள்ளும் கியர்ப் பகுதி (டிரைவ்) பின்புறம் வெளியேயும் இருக்கும் ஸ்டெர்ன்டிரைவில் கியர் மக்கர் செய்தால், உடனே டிரைவைப் பிரிக்காதீர்கள். மெர்க்ரூசர் ஆல்ஃபா வகையில் முதலில் கேபிளைப் பாருங்கள்.

• சாவியை எடுத்த பிறகே புரொப்பெல்லரைத் தொடுங்கள்.

• லீவர் இறுக்கமா? லீவரிலிருந்து வரும் கன்ட்ரோல் கேபிளும் டிரைவுக்குப் போகும் கீழ்க் கேபிளும் சேரும் இடத்தில் கன்ட்ரோல் கேபிளைக் கழற்றி லீவரை அசையுங்கள். அப்போதும் இறுகினால் கோளாறு லீவரிலோ கன்ட்ரோல் கேபிளிலோ; லேசாக நகர்ந்தால் கீழ்க் கேபிளிலோ டிரைவிலோ.

• நியூட்ரலுக்கு வரும்போது இன்ஜின் அணைகிறதா? கீழ்க் கேபிள் இறுகியதால், பற்றவைப்பை நொடிப்பொழுது நிறுத்தும் ஷிஃப்ட் சுவிட்ச் அழுந்தியபடியே நிற்கலாம். சுவிட்சைத் துண்டித்துவிட்டு ஓட்டாதீர்கள்.

• கரகரவெனச் சத்தமா? ஐட்லிங் வேகம் கையேட்டில் உள்ளபடி இருக்கிறதா எனப் பாருங்கள். லீவரை ஒரே வீச்சில் தள்ளுங்கள்; மெல்லத் தள்ளினால் கிளட்ச் பற்கள் தேயும்.

• இன்ஜின் உறுமியும் படகு நகரவில்லையா? புரொப்பெல்லரின் நடு ரப்பர் வழுக்கலாம்.

• கியர் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆயிலில் இரும்புத் துணுக்குகள் தென்பட்டால் படகை எடுக்காமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

புறப்படும் முன்பே இவற்றைச் சோதித்துவிடுங்கள். ரிவர்ஸ் விழாத படகை ஜெட்டி அருகே நிறுத்துவது ஆபத்து.