சூத்திரத்துக்கு முன்னால் படம்: இயக்கவியல் கணக்கைப் போடும் முறை

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் ‘இயக்க விதிகள்’ பாடம் வந்ததும், கணக்கிலுள்ள எண்களுக்குப் பொருந்தும் சூத்திரத்தைத் தேடுவதிலேயே பலர் இறங்கிவிடுகிறார்கள். கணக்கு தடம் மாறுவது அங்கேதான். எந்தப் பொருள், அதன்மேல் என்னென்ன விசை என்று முதலில் தீர்மானித்துவிட்டால் எந்தச் சூத்திரம் என்பதும் தெரிந்துவிடும். பள்ளிகொண்டாக்காரர்களுக்குப் பழக்கமான சாலையிலிருந்தே ஒரு கணக்கை எடுப்போம்.

கணக்கு: சென்னை பெரியமேட்டிலிருந்து ஆம்பூருக்குத் தோல் கட்டு ஏற்றிப்போகும் லாரி, தேசிய நெடுஞ்சாலை 48இல் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் வருகிறது. பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் வண்டிகள் நிற்பதைக் கண்டு ஓட்டுநர் சீராகப் பிரேக் போடுகிறார். சாலை சமதளம். கட்டைக் கயிறு போட்டு இறுக்கவில்லை. கட்டுக்கும் லாரித் தளத்துக்கும் இடையே ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.4. கட்டு சறுக்காமல் லாரி நிற்கக் குறைந்தது எவ்வளவு தூரம் வேண்டும்? (புவியீர்ப்பு முடுக்கம் 10 மீ/வி².)

1. தெரிந்ததை எழுதுங்கள், அலகை மாற்றுங்கள். 72ஐ 5ஆல் பெருக்கி 18ஆல் வகுத்தால் 20 மீ/வி. ‘நிற்க’ என்ற சொல்லிலேயே இறுதித் திசைவேகம் 0 என்பது அடங்கியிருக்கிறது. நிறை கொடுக்கப்படவில்லை. கவலை வேண்டாம், மேலே போங்கள்.

2. ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். சறுக்குமா என்ற கேள்வி கட்டைப் பற்றியது. எனவே கட்டு மட்டும். எஞ்சின், பிரேக், டயர் எதுவும் படத்துக்குள் வரக்கூடாது.

3. விசைப்படம் வரையுங்கள். கட்டை ஒரு புள்ளியாக வைத்து அம்புகளைப் போடுங்கள். எடை கீழ்நோக்கி, செங்குத்து விசை மேல்நோக்கி. அடுத்து உராய்வு. பலர் இங்கே ‘கட்டை முன்னால் தள்ளும் விசை’ என்று இன்னோர் அம்பையும் சேர்த்துவிடுவார்கள். ஒவ்வொரு அம்பையும் பார்த்து, ‘இந்த விசையைத் தருவது எது?’ என்று கேளுங்கள். எடையைத் தருவது பூமி. செங்குத்து விசையையும் உராய்வையும் தருவது லாரித் தளம். முன்னால் தள்ளுவது எது? எதுவுமில்லை. கட்டு முன்னே போகப் பார்ப்பது நிலைமத்தால். நிலைமம் விசை அல்ல. லாரியோடு சேர்ந்து கட்டின் வேகமும் குறைய வேண்டும், அதைக் குறைக்க உராய்வைத் தவிர வேறு விசை கிடையாது. ஆகவே உராய்வின் அம்பு பின்பக்கம்.

4. திசைவாரியாகச் சமன்பாடு எழுதுங்கள். லாரி போகும் திசையை நேர்க்குறியாக வையுங்கள். மேல்கீழாக முடுக்கம் இல்லை; எனவே செங்குத்து விசை = நிறை × 10. ஓய்வுநிலை உராய்வு தேவைக்கேற்ப மாறும், 0.4 × செங்குத்து விசை என்பது அதன் உச்சவரம்பு. சறுக்கப்போகும் தறுவாயில்:

0.4 × நிறை × 10 = நிறை × முடுக்கத்தின் அளவு

நிறை இரு பக்கமும் அடிபடுகிறது. அது கொடுக்கப்படாததன் காரணம் இதுதான். முடுக்கம் −4 மீ/வி².

5. இப்போது சூத்திரம். நேரம் தரப்படவும் இல்லை, கேட்கப்படவும் இல்லை. எனவே நேரம் வராத இயக்கச் சமன்பாடு:

இறுதித் திசைவேகம்² = தொடக்கத் திசைவேகம்² + 2 × முடுக்கம் × இடப்பெயர்ச்சி

0 = 400 − 8 × தூரம்; தூரம் 50 மீட்டர்.

6. விடையைச் சோதியுங்கள். (மீ/வி)²ஐ மீ/வி²ஆல் வகுத்தால் மீட்டர்; அலகு சரி. தளம் ஈரமாகிக் குணகம் 0.2 ஆனால் 100 மீட்டர் வேண்டும். பிடிப்பு குறைந்தால் தூரம் கூடுவது இயல்பே. வேகம் பாதியாகி 36 கி.மீ. ஆனாலோ 12.5 மீட்டர் போதும். வேகம் பாதியானால் தூரம் கால்வாசி.

நீங்களே போட்டுப் பார்க்க: அதே 0.4 குணகமுள்ள பலகையைச் சாய்த்துக் கட்டை இறக்குகிறார்கள். எத்தனை டிகிரி சாய்வில் கட்டு தானாகச் சறுக்கத் தொடங்கும்? விடை ஏறக்குறைய 22 டிகிரி. எடையைச் சாய்தளத்துக்கு இணையாகவும் செங்குத்தாகவும் பிரித்தால் இங்கும் நிறை அடிபட்டுப்போகும்.

வீட்டுப்பாட நோட்டில் படத்துக்கென்று அரைப்பக்கம் ஒதுக்குங்கள். விடை தவறினாலும் படம் இருந்தால் பிழை எந்த அம்பில் என்று ஆசிரியரால் சுட்டிக்காட்ட முடியும். வெறும் எண்கள் மட்டும் இருக்கும் பக்கத்தில், எங்கே தவறினீர்கள் என்பது உங்களுக்கே தெரியாது.